ஒரே தந்திக்கு இரண்டு காதுகள்

பேஸ் கிட்டாரின் பிக்கப்பைத் தந்திக்கு அடியில் பொருத்திய காது என்று சொல்லலாம். காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி, அவ்வளவுதான் அதன் உடம்பு. கழுத்துப் பக்கம் தந்தி அகலமாக ஆடும். அங்கே இருக்கும் பிக்கப்புக்குக் கும்மென்ற அடித்தொனி கேட்கும். பிரிட்ஜ் ஓரத்தில் ஆட்டம் குறுகிவிடுவதால், அங்கே மேல்தொனிகளும் விரல் பட்ட கூர்மையும் தூக்கலாக வரும். வழக்கமான பேஸில் இந்த இரண்டும் உள்ளேயே கலந்து ஒரே வயரில் வெளியே போகும். கலக்காமல் ஒவ்வொன்றையும் தனி ஆம்ப்புக்கு அனுப்பிப் பார்த்தவர்கள்தான் ராக் இசையில் பேஸின் குரலையே மாற்றினார்கள்.

அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனம் இரண்டு பிக்கப் வைத்த 4001 மாடலை 1961-ல் கொண்டுவந்தது. ‘ரிக்-ஓ-சவுண்ட்’ என்று அவர்கள் பெயரிட்ட ஸ்டீரியோ ஜாக்கில், கேபிளின் நுனி ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்ளும், அடுத்துள்ள வளையம் இன்னொன்றை. எர்த் மட்டும் இரண்டுக்கும் பொது. இங்கிலாந்தின் ‘யெஸ்’ குழுவில் வாசித்த கிறிஸ் ஸ்கொயரிடம் இருந்தது 1964-ம் வருட ரிக்கன்பேக்கர். அதில் இந்த வசதி இல்லை. வயரிங்கை மாற்றி அதை ஸ்டீரியோ ஆக்கிக்கொண்டார். 1971-ல் வந்த ‘ஃப்ராஜைல்’ ஆல்பத்தில் ‘ரவுண்டபவுட்’ பாட்டைக் கேளுங்கள். பேஸ் உறுமுகிறது, ஆனால் அடிவயிறு காலியாகவில்லை.

இது சாதாரண விஷயமில்லை. பேஸின் முழு ஒலியையும் டிஸ்டார்ஷனில் போட்டு உறுமவிட்டால் முதலில் பறிபோவது அடித்தொனிதான். அதிலும் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து அடித்தால் குழைந்த சோறு மாதிரி ஆகிவிடும். கழுத்துப் பிக்கப்பைச் சுத்தமாக ஓர் ஆம்ப்பில் விட்டுவிட்டு, பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் இன்னோர் ஆம்ப்பில் கதறவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. அஸ்திவாரத்தில் கை வைக்காமல் மாடியில் என்ன வேண்டுமானாலும் கட்டலாம்.

நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்தைச் சேர்ந்த பில்லி ஷீஹன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவரிடம் இருந்த ஃபெண்டர் பிரிசிஷனில் ஒரே பிக்கப். கழுத்தோரம் மரத்தைக் குடைந்து, கிப்சன் பேஸ்களில் வருவது போன்ற பெரிய ஹம்பக்கர் பிக்கப்பைப் பதித்தார். இரண்டு பிக்கப்புக்கும் இரண்டு ஜாக், இரண்டு கேபிள், இரண்டு ஆம்ப். மேலும் கீழும் தேய்ந்துபோன அந்த பேஸை ‘மனைவி’ என்றுதான் கூப்பிடுவார். பிறகு யமஹா அவருக்காகச் செய்த ‘ஆட்டிட்யூட்’ பேஸிலும் இரண்டு ஜாக் வந்தது. கையால் குடைந்த ஓட்டை தொழிற்சாலை வரை போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

ஷீஹனைப் பார்த்துதான் நானும் என் ஜாஸ் பேஸ் காப்பியில் இரண்டாவது ஜாக் வைத்தேன். சால்டரிங் அயர்ன் பிடித்த முதல் ராத்திரி விரல் சுட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் கச்சேரி மேடையில் இரண்டு ஆம்ப்பையும் ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு பிளக் பாயின்ட்டில் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ தந்தியில் மூன்றாம் ஃபிரெட் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். அன்றைய பாட்டு ஜி-யில். நான் வாசிக்கும் ஸ்வரத்தோடு கரன்ட் கம்பியும் கூடவே அபஸ்வரமாகப் பாடியது. மைக் செட்காரர் வந்து ஓர் ஆம்ப்பின் எர்த் பின்னை உடைத்துவிடலாம் என்றார். அதை மட்டும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள், உயிர் போகும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேர்த்துப் போட்டதும் ஹம் பெருமளவு அடங்கியது. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் அடித்தொனி இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தம் இருக்கும், பேஸ் இருக்காது.

இன்று இந்தப் பாடு எதுவும் வேண்டாம். லைன் 6 நிறுவனத்தின் ‘ஹீலிக்ஸ்’ 2015-ல் வந்தது. காலடியில் கிடக்கும் அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே ஒலியை இரண்டாகக் கிளைக்கவிடலாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சுத்தமாக, மேலே உள்ளதை டிஸ்டார்ஷனோடு என்று திரையில் எண்ணைத் திருகினால் போதும். ரெக்கார்டிங்கில் அதுகூட வேண்டாம். பேஸை வெறுமனே பதிந்து, கம்ப்யூட்டரில் அதையே பிரதி எடுத்து, ஒன்றுக்குக் கீழ்ப்பாதி, ஒன்றுக்கு மேல்பாதி. கிட்டாரே இல்லாத ‘ராயல் பிளட்’ குழுவில் மைக் கெர் ஒற்றை பேஸைப் பல ஆம்ப்களுக்குப் பிரித்து அனுப்பி ஒரு கிட்டார்காரர் நிற்கும் இடத்தையும் நிரப்புகிறார். 2014-ல் அவர்களின் முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆட்டோவில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியை ஏற்றிய முதுகு என்னுடையது. இந்த வசதியை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். பெட்டி பிரிப்பது அலைவரிசையை. அன்று பிரித்தது தந்தியில் கேட்கும் இடத்தை. ஒரு தந்தி முழு நீளத்துக்கும் அதிரும்போதே பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் துண்டு துண்டாக அதிர்கிறது. அப்படி ஒரு துண்டு அசையாமல் நிற்கும் புள்ளி பிக்கப்புக்கு நேர் மேலே அமைந்தால், அந்த மேல்தொனி அந்தப் பிக்கப்புக்குக் கேட்கவே கேட்காது. பக்கத்துப் பிக்கப்புக்குக் கேட்கும். விரலை ஒரு ஃபிரெட் நகர்த்தினால் புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடும். ஒரு பிக்கப்புக்கு எட்டாமல் போனதை எந்த ஃபில்டரும் பின்னால் வரவழைக்க முடியாது.

என் அக்கா பையன் லேப்டாப்பில்தான் வாசிக்கிறான். அவனிடம் இருப்பது இரண்டு இன்புட் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ். போன மாதம் என் பழைய பேஸை எடுத்து வந்து, ஒரு ஜாக்கை முதல் இன்புட்டிலும் அடுத்ததை இரண்டாவதிலும் செருகினேன். ஆம்ப் இல்லை, ஹம் இல்லை. ஈ தந்தியை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு நிறுத்தினான். திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு அலை. அவன் பெரிதாக்கிப் பார்த்தான், இன்னும் பெரிதாக்கினான்.

“மாமா, ஒரே தந்திதானே அடிச்சேன்?” என்றான். மேலே இருந்தது மலைமுகடு போல வழவழவென்று ஏறி இறங்கியது. கீழே இருந்தது முழுக்க முள்.