ஒரு சுண்டெலி சொல்லித் தரும் பாடம்

"எத்தனை தடவை காட்டினாலும் இவனுக்கு ஏறவே இல்லை." "முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான், அவ்வளவு பிடிவாதம்." அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி இப்படிப்பட்ட சொற்களை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருக்கலாம். அந்தக் குழந்தையின் கண்கள் வழியே இந்த உலகம் எப்படித் தெரிகிறது என்று என்றாவது நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்ற அறிவியலாளர்களுக்கு வழி காட்டியிருப்பது ஒரு சின்னஞ்சிறு சுண்டெலி!

ஒரு மரபணு மௌனமாகும்போது

பெற்றோரிடமிருந்து மரபுவழியாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் அதிகமாகக் காணப்படுவது 'ஃபிராஜைல் எக்ஸ்' என்னும் குறைபாடு. ஏறத்தாழ 4,000 ஆண்களில் ஒருவருக்கும், பெண்களில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலும் இது உள்ளது. 1943-ஆம் ஆண்டில் மார்ட்டின், பெல் என்ற இருவர் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, இத்தகைய குறைபாடு தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவதை விவரித்தனர். 1969-இல் ஹெர்பர்ட் லப்ஸ் என்ற மருத்துவர், எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனை முறிந்து தொங்குவது போலத் தோன்றுவதை நுண்ணோக்கியில் கண்டார். 1991-இல் இதற்குக் காரணமான எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு இது சுமார் 30 தடவை வரும். 55 முதல் 200 வரை இருந்தால் அவர் இந்த மாற்றத்தைச் சுமந்து செல்பவர். 200-ஐத் தாண்டிவிட்டால் மரபணு மௌனமாகி, அது உருவாக்க வேண்டிய புரதம் உருவாவதில்லை. இந்தப் புரதம் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளில் கண்காணிப்பாளர் போன்றது. மற்ற புரதங்கள் எப்போது, எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. கண்காணிப்பாளர் இல்லாத வீட்டில் வேலை தாறுமாறாக நடப்பது போல, இப்புரதம் இல்லாத மூளையில் இணைப்புகள் சரியாக முதிர்வதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்றம் 200-ஐத் தாண்டிப் பெருகுவது தாய் வழியாக வரும்போதுதான். ஆனால், அந்தத் தாய்க்கு அது அவருடைய தந்தையிடமிருந்தும் வந்திருக்கலாம். மாற்றத்தைச் சுமக்கும் ஆண், தனக்கு இந்தக் குறைபாடு இல்லாமலேயே, தன் மகள்கள் அனைவருக்கும் அதைக் கொடுத்துவிடுகிறார். எனவே, "உன்னால்தான் பிள்ளை இப்படி" என்று ஒரு தாயின்மேல் விரல் நீட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

திரைக்கு முன் ஒரு சுண்டெலி

1994-இல் ஹாலந்து, பெல்ஜியம் நாடுகளின் அறிவியலாளர்கள் இதே மரபணு செயல்படாத சுண்டெலிகளை உருவாக்கினர். 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தச் சுண்டெலிகளின் மூளையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தனர். நரம்பு செல்களின் கிளைகளில் முட்கள் போல் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு முனைகள், வழக்கத்தைவிட நீளமாகவும் மெல்லியதாகவும், முதிராத நிலையில் இருந்தன. மூளையின் அமைப்பில் மாற்றம் இருப்பது தெரிந்தது. ஆனால், அதனால் பார்வையில் என்ன மாற்றம் வருகிறது?

2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடையை வெளியிட்டனர். அவர்களுடைய சோதனை எளிமையானது. தாகத்தோடு இருக்கும் சுண்டெலிக்கு முன்னால் ஒரு திரை. அதில் சாய்ந்த கோடுகள் தோன்றும். கோடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது நாக்கை நீட்டினால் தண்ணீர் கிடைக்கும். எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் கிடைக்காது. சாதாரணச் சுண்டெலிகள் இந்த வேறுபாட்டை விரைவில் கற்றுக்கொண்டன. மரபணு செயல்படாத சுண்டெலிகளுக்கோ அதிக நாட்கள் தேவைப்பட்டன. ஆனால், அவையும் இறுதியில் கற்றுக்கொண்டன!

ஏன் இந்தத் தாமதம்? பார்வைப் பகுதியில் உள்ள நரம்பு செல்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு சாய்வுக் கோட்டுக்காகக் காத்திருக்கும் காவலாளி போன்றது. தனக்குரிய கோடு வந்தால் மட்டுமே அது குரல் கொடுக்கும். இந்தச் சுண்டெலிகளில் பல காவலாளிகள் எந்தக் கோடு வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குரல் கொடுத்தார்கள். இவர்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் வேலையைச் செய்யும் வேறு வகை செல்கள் உண்டு. அவற்றுக்குப் பார்வால்புமின் செல்கள் என்று பெயர். அவை சோர்ந்து கிடந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில், "சற்று அமைதி" என்று சொல்பவர் வாய் திறக்காவிட்டால் யார் சொல்வது யாருக்குக் கேட்கும்? இச்சுண்டெலிகளின் மூளையிலும் அதுவே நடந்தது.

ஆய்வாளர்கள் அந்த அமைதிப்படுத்தும் செல்களை மட்டும் ஒரு சிறப்பு முறையால் தூண்டிவிட்டபோது சுண்டெலிகளின் திறன் மேம்பட்டது. ஃபிராஜைல் எக்ஸ் உள்ள மனிதர்களுக்கும் இதே போன்ற சோதனை வைக்கப்பட்டது. அவர்களுக்கும் கோடுகளைப் பிரித்தறிவதில் அதே வகைச் சிரமம் இருந்தது. காண்பது வேறு, கண்டதைப் பிரித்தறிவது வேறு என்பது இதிலிருந்து நமக்குப் புலனாகிறது அல்லவா?

2023-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. இதே சோதனையின்போது, சம்பந்தமில்லாத ஒலியோ ஒளியோ இடையில் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. ஆனால், இக்குறைபாடுள்ள சுண்டெலிகளும் மனிதர்களும் தடுமாறினர்.

அவசரப்பட்டு முடிவு செய்யலாமா?

சுண்டெலி மனிதன் அல்ல. இந்த எச்சரிக்கையையும் நாம் மறந்துவிடக் கூடாது. சுண்டெலிகளில் வியக்கத்தக்க பலன் தந்த ஒரு வகை மருந்து, இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. 2016-இல் வெளிவந்த முடிவுகளின்படி, வெறும் மாத்திரையைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. காத்திருந்த பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்! இக்குறைபாட்டை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. எனவே, "ஒரே மாதத்தில் சரி செய்கிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தையும் நம்பிக்கையையும் இழந்துவிடாதிருப்போம். குடும்பத்தில் ஐயம் இருந்தால் மருத்துவரின் ஆலோசனையோடு இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இக்குழந்தைகளிடையே மாறுகண் கூடுதலாகக் காணப்படுவதால், கண் பரிசோதனையும் மிகவும் அவசியம்.

நாம் செய்யக் கூடியது

மருந்து வரும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. இந்த ஆய்வுகள் நம் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் பயன்படும் சில உண்மைகளைச் சொல்கின்றன.

முதலாவது, அமைதி. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்க, "புத்தகத்தைப் பார்" என்று சொன்னால் அந்தக் குழந்தை எதைப் பார்க்கும்? ஓசை குறைந்த இடமும், தேவையற்ற பொருள்கள் இல்லாத மேசையும் அதற்குப் பெரிய உதவி.

இரண்டாவது, தெளிவு. ஒரே பக்கத்தில் பத்துப் படங்களை நெருக்கி வைக்காமல், ஒன்றுக்கொன்று நன்கு வேறுபட்ட ஒன்றிரண்டு படங்களிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, முகத்தைப் பார்க்கும்படி வற்புறுத்தாதிருத்தல். கண்ணோடு கண் பார்க்காதிருப்பது இக்குறைபாட்டில் மிக இயல்பாகக் காணப்படுவது. நம் பார்வை அக்குழந்தைக்குத் தாங்க முடியாத பாரமாக இருக்கலாம். அதைப் பிடிவாதம் என்றோ மரியாதைக் குறைவு என்றோ எண்ணிவிட வேண்டாம்.

நான்காவது, பொறுமை. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. அந்தச் சுண்டெலிகள் தோற்றுப்போகவில்லை, அவற்றுக்குக் கூடுதல் நாட்கள்தான் தேவைப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் ஒரு சுண்டெலிக்காகப் பல நாட்கள் காத்திருக்க அறிவியலாளர்களால் முடிந்தது. அப்படியென்றால், நம் வீட்டுக் குழந்தைக்காக நம்மால் காத்திருக்க முடியாதா?

அடுத்த முறை கடையிலோ, பேருந்திலோ, ஆலயத்திலோ காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு குழந்தையைக் கண்டால், "வளர்த்த விதம் சரியில்லை" என்று முணுமுணுக்கும் முன் ஒரு நிமிடம் நிற்போம். நமக்கு அமைதியாகத் தோன்றும் அதே இடம், அக்குழந்தைக்குப் பெரும் கூச்சலாக இருக்கலாம். அருகில் தவித்து நிற்கும் அதன் தாய்க்குச் சற்று இடம் கொடுப்போம். அது நம் அனைவராலும் இன்றே செய்ய முடிந்த உதவி.