25 வருஷத்துக்குப் பிறகு உலகம் சுற்றிய ஜப்பான் 'ஹவுஸ்' இசை... ஒரு வினைல் தொகுப்பு செய்த மாயம் என்ன?

1999-ல் வந்த 'ஏப் எஸ்கேப்' பிளேஸ்டேஷன் கேம் ஞாபகம் இருக்கா? தப்பி ஓடும் குரங்குகளை வலைபோட்டுப் பிடிக்கும் விளையாட்டு. அதன் துள்ளலான பின்னணி இசையைப் போட்டவர் ஜப்பானின் சோய்ச்சி தெரதா. ஆனா, அதற்கு முன்பே அவர் 'ஹவுஸ்' இசை ரெக்கார்டுகளை வெளியிட்டு வந்தவர். அந்தப் பழைய பாடல்களின் தொகுப்புதான் 2015-ல் வெளியான 'சவுண்ட்ஸ் ஃப்ரம் தி ஃபார் ஈஸ்ட்'.

ஹவுஸ் இசைன்னா என்ன?

1980-களில் அமெரிக்காவின் சிகாகோ நகர கிளப்களில் பிறந்த நடன இசை இது. டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்த 'வேர்ஹவுஸ்' கிளப்பிலிருந்தே இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நிமிடத்துக்கு சுமார் 120 முறை சீராக விழும் டிரம் அடிதான் இதன் உயிர். சிகாகோ இளைஞர்கள் அந்தத் தாளத்தை உருவாக்கிய ரோலண்ட் டிரம் மெஷின்கள் ஜப்பான் தயாரிப்பு என்பதுதான் சுவாரஸ்யம்!

ஜப்பானில் என்ன நடந்தது?

சிகாகோ, நியூயார்க் இசையைக் கேட்டு வளர்ந்த தெரதா, 'ஃபார் ஈஸ்ட் ரெக்கார்டிங்' என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். ஷினிச்சிரோ யோகோதா, மனாபு நாகயாமா ஆகியோரும் அவருடன் கைகோர்த்தனர். நமி ஷிமடா பாடிய தெரதாவின் 'சன்ஷவர்' பாடலை, நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஜே லாரி லெவன் ரீமிக்ஸ் செய்தார்.

அப்புறம் ஏன் மறந்து போச்சு?

காரணம் சிம்பிள். இவை சிறிய லேபிளில் குறைந்த எண்ணிக்கையில் அச்சான ரெக்கார்டுகள். 1982-ல் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்ததே ஜப்பானில்தான். 90-களில் வீடுகளில் சிடி-தான் ராஜா. வினைலைத் தேடி வாங்கியவர்கள் பெரும்பாலும் டிஜே-க்கள் மட்டுமே.

தொகுப்பு எப்படி வந்தது?

டிஜே ஹுனி பாடல்களைத் தேர்ந்தெடுக்க, ஆம்ஸ்டர்டாமின் 'ரஷ் ஹவர்' நிறுவனம் வெளியிட்டது. யோகோதா, நாகயாமா ஆகியோரின் பாடல்களும் இதில் உண்டு.

இதனால் யாருக்கு லாபம்?

இங்கேதான் முக்கியமான விஷயம். அரிதான பழைய ரெக்கார்டு எவ்வளவு விலைக்குக் கைமாறினாலும், அந்தப் பணம் விற்பவருக்குத்தான். பாட்டைப் போட்டவருக்கு ஒரு பைசா கூட போகாது. முறைப்படி உரிமை பெற்று மறுபதிப்பு செய்தால்தான் கலைஞருக்கும் பங்கு கிடைக்கும். ரசிகருக்கும் நியாயமான விலையில் ரெக்கார்டு கிடைக்கும்.

தெரதாவுக்குப் பணத்தைத் தாண்டியும் பலன் கிடைத்தது. தொகுப்பு ஹிட்டானதும் வெளிநாட்டு மேடைகள் அவரை அழைத்தன. அவருடைய பழைய பாடல்களுக்கு, அவை வெளியானபோது பிறக்காத இளைஞர்கள் ஆடினார்கள். 'அசாகுசா லைட்' என்ற புதிய ஹவுஸ் ஆல்பத்தையும் வெளியிட்டார். பழசைத் தூசி தட்டி எடுத்த ஒரு தொகுப்பு, கலைஞரை மறுபடி புதுப்பாட்டு போட வைத்துவிட்டது!