உங்கள் மீது பட்ட கதிர்வீச்சு எவ்வளவு? எந்தக் கருவி எதைச் சொல்லும்?

ஹைதராபாத்தில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் 'ஈசிஐஎல்' என்று போர்டு போட்ட பஸ்ஸைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. அந்த நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த நிறுவனம், 1967-ல் அணுசக்தித் துறையின் கீழ் தொடங்கப்பட்டது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் செய்யும் கம்பெனி என்றுதான் பலருக்கும் தெரியும். கதிர்வீச்சை அளக்கும் கருவிகளும் அங்கே தயாராகின்றன. பக்கத்திலேயே, அணு உலைகளுக்கு யுரேனிய எரிபொருள் தயாரிக்கும் அணு எரிபொருள் வளாகம் இருக்கிறது.

அங்கே வேலை செய்பவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. எக்ஸ்-ரே டெக்னீஷியன், இதய சிகிச்சைப் பிரிவின் கேத் லேப் நர்ஸ், குழாய் வெல்டிங்கைக் கதிர் பாய்ச்சிச் சோதிக்கும் இன்ஜினியர் என்று நம் வயதுக்காரர்கள் பலர் தினமும் கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, வாசனையும் கிடையாது. கருவியை நம்பித்தான் ஆகணும். ஆனா, எந்தக் கருவியை?

இடத்தை அளப்பதா, ஆளை அளப்பதா?

பைக்கில் ஸ்பீடோமீட்டர் இப்போதைய வேகத்தைச் சொல்லும்; பக்கத்தில் இருக்கும் ஓடோமீட்டர் இதுவரை ஓடிய தூரத்தைச் சொல்லும். கதிர்வீச்சிலும் இதே கதைதான். கைகர் கவுன்ட்டர் போன்ற சர்வே மீட்டர், ஓரிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று காட்டும். உடலில் அணியும் டோசிமீட்டர், உங்கள் மீது மொத்தம் எவ்வளவு பட்டது என்று கணக்கு வைக்கும்.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. இந்தக் கணக்கைச் சொல்ல டோசிமீட்டர்தான் வேண்டும்.

டிஎல்டி பேட்ஜ்: மலிவு, ஆனா தாமதம்

இந்திய மருத்துவமனைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். உள்ளே ஒரு தகட்டில் மூன்று சிறு வட்டுகள் இருக்கும். ஒன்று உலோக வடிகட்டிக்குப் பின்னால், ஒன்று பிளாஸ்டிக்குக்குப் பின்னால், ஒன்று திறந்தபடி. மூன்றும் வேறு வேறு அளவு காட்டுவதால், பட்டது எந்த வகைக் கதிர் என்றும் ஊகிக்கலாம். கதிர்வீச்சின் ஆற்றலை வட்டு சேமித்து வைக்கும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அது ஒளியாக வெளிவரும். ஒளி எவ்வளவோ, டோஸ் அவ்வளவு.

பேட்டரி வேண்டாம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குறை என்ன? ஒருமுறை சூடாக்கிப் படித்தால் பதிவு அழிந்துவிடும். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்புவார்கள். ஜனவரியில் நடந்த தவறு ஏப்ரலுக்குப் பிறகுதான் தெரியும்.

ஓஎஸ்எல் என்னும் இன்னொரு வகையில் வெப்பத்துக்குப் பதில் ஒளியைப் பாய்ச்சிப் படிப்பார்கள். பதிவில் சிறு பகுதிதான் செலவாகும் என்பதால், சந்தேகம் வந்தால் மறுபடியும் படிக்கலாம்.

எலக்ட்ரானிக் டோசிமீட்டர்: உடனே சொல்லும்

திரையில் எண் ஓடும். அளவு மீறினால் அலாரம் அடிக்கும். விலை அதிகம், பேட்டரி தேவை. மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் எக்ஸ்-கதிரைச் சில மாடல்கள் குறைத்துக் காட்டிவிடும். அதனால்தான் ஆபத்து அதிகமான இடங்களில் இதையும் பேட்ஜையும் சேர்த்தே அணிகிறார்கள்.

கருவி சொல்லாதது

1986-ல் செர்னோபில் வெடித்தபோது முதலில் சொல்லப்பட்ட அளவு மணிக்கு 3.6 ரான்ட்ஜன். வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு இந்த எண் ஞாபகம் இருக்கும். கையிலிருந்த கருவிகளால் அதற்கு மேல் காட்ட முடியாது என்பதுதான் உண்மை. முள் உச்சத்தில் நின்றால் 'இவ்வளவுதான்' என்று அர்த்தம் இல்லை. 'இதற்கு மேல் எனக்குத் தெரியாது' என்று அர்த்தம்.

இன்னொன்று, யுரேனியத் தூசு. அதன் ஆல்ஃபா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும். மார்பில் குத்திய பேட்ஜில் அது பதிவாகாது. ஆனா, மூச்சு வழியே நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கச் சிறுநீர்ப் பரிசோதனை போன்ற வேறு வழிகள் தேவை.

எந்தக் கருவியுமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2010-ல் டெல்லி மாயாபுரியில் அது தெரிந்தது. பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வகக் கருவி ஒன்று இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே கோபால்ட்-60. பிரித்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது

பேட்ஜை மார்பு உயரத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். அடுத்தவருடன் மாற்றிக்கொள்ளாதீர்கள். 'டோஸ் ஏறினால் வேலைக்குச் சிக்கல்' என்று பயந்து டிராயரில் வைக்காதீர்கள். டிராயர் வாங்கிய டோஸைத்தான் அது அளக்கும். சர்வே மீட்டர் என்றால், கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தது, உச்ச வரம்பு என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். மூன்று மாத ரிப்போர்ட் வந்ததும் உங்கள் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேட்ஜ் கவசம் இல்லை. அந்த எண்ணைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால்தான் அதனால் பலன்.