தொண்டையில் உருண்டை: அதன் காரணங்கள்

கழனி வேலை முடிந்து வீடு திரும்பி ஓய்ந்து உட்காரும் வேளையில், தொண்டைக் குழியில் ஓர் உருண்டை நிற்பதுபோல் தோன்றுவது அநேகருக்கு நேரிடும் அனுபவமாகும். வெறும் எச்சிலை விழுங்க விழுங்க அது அதிகரிக்கும். ஆகாரம் உண்ணும்போதோ மறைந்துவிடும். இது மாதக்கணக்கில் நீடிப்பின், சோறு சிக்கிக்கொண்டதெனக் கருதித் தொக்கம் எடுப்போரை நாடுவோர் ஒரு சாரார். புற்றுநோயென அஞ்சி உறக்கம் இழப்போர் மற்றொரு சாரார்.

விழுங்கிய கவளம் சுமார் 10 விநாடிகளில் இரைப்பையை அடைந்துவிடுகிறது. ஒருவர் சோறும் நீரும் தடையின்றி உட்கொள்வாராயின், பழைய கவளம் ஒன்று அவ்வழியை அடைத்து நிற்றல் இயலாது. ஆதலின், வாயிலிருந்து எடுத்துக் காட்டப்படும் பொருள் நோயின் காரணமன்று. மீன்முள் குத்தியிருப்பின் அது வேறு விஷயம். அதனை வைத்தியரே பார்த்து எடுத்தல் வேண்டும்.

ஐரோப்பாவில் இது பெண்டிரின் மனக்கோளாறு என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1968-ல் மால்கம்சன் என்னும் வைத்தியர், இந்நோயாளரில் பெரும்பாலோர் அத்தகையோரல்லர் எனக் கண்டு, தொண்டையைக் குறிக்கும் புதுப் பெயரை இதற்கு வழங்கினார். இன்று அறியப்பட்டுள்ள காரணங்களுள் முக்கியமானவை வருமாறு:

முதலாவது, இரைப்பையின் புளிப்பு நீர் மேலெழுந்து தொண்டையைத் தாக்குதல். இரவில் வயிறு நிறைய உண்டு உடனே படுப்போருக்கு இது மிகுதி. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னரே உண்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும் நலம் தரும்.

இரண்டாவது, உணவுக் குழாயின் மேல்வாயிலுள்ள தசை இறுகுதல். துக்கமும் கடன் கவலையும் இதனை வளர்க்கும். இவ்வுணர்ச்சி பாசாங்கன்று, இறுக்கம் மெய்யானதே. அடிக்கடி கனைப்பதும் எச்சிலை விழுங்குவதும் அதனை மிகுவிக்கும். அவ்வப்போது ஒரு மடக்கு நீர் பருகுதல் உதவும்.

மூன்றாவது, மூக்கின் பின்புறமாகச் சளி இறங்குதலும், தொண்டைச் சதை வீங்குதலும்.

நான்காவது, முன்கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி பருத்தல். உப்பில் அயோடின் சேர்ப்பது இவ்வீக்கத்தைப் பெரிதும் தடுக்கும்.

ஐந்தாவது, இரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைந்த பெண்டிர் சிலருக்கு உணவுக் குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு தோன்றும். இவர்களுக்குக் கெட்டி ஆகாரம் தடைப்படும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளல் அவசியம். உண்ணும்போது மறையும் உருண்டை பெரும்பாலும் தீங்கற்றது. உணவு தடைப்படுதல், விழுங்குகையில் வலி, ஒரு புறத்தே மட்டும் நோவு அல்லது காதுவலி, 3 வாரங்களுக்கு மேற்பட்ட குரல் கம்மல், கழுத்தில் கட்டி, உமிழ்நீரில் இரத்தம், உடல் மெலிதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். புகையிலையும் மதுவும் பழகியோர் இதில் இருமடங்கு விழிப்புடன் இருத்தல் நன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985-லும், வெறும் பாக்கையே 2004-லும் புற்றுநோய்க் காரணங்களாக அறிவித்துள்ளது.

தவணை தவறிய கடனுக்கு வட்டியே ஏறும். இக்குறிகளைக் கண்டும் வாளாவிருப்போர் முதலையே இழக்க நேரிடும். குறிகள் ஏதுமில்லாதோரும் ஒருமுறை வைத்தியரிடம் தொண்டையைக் காட்டிவிடுவது நலம். தீங்கில்லை என்று அறிந்த மாத்திரத்திலேயே பலருக்கு அவ்வுருண்டை மெல்லத் தணிந்துவிடுகிறது.