டேட்டுக்கு முந்தைய வாரம்

“டேட் வரப்போகுதுடி, அதான் இப்படி இருக்கேன்.” மகளிர் விடுதிகளில் மாதாமாதம் காதில் விழுகிற பேச்சு இது. சொல்கிற பெண் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறாள். பேச்சு அதோடு நின்றுவிடுவதுதான் வருத்தம்.

உதிரப்போக்கோடு வரும் அடிவயிற்று வலி வேறு, டேட்டுக்கு முன்பே வரும் இந்தத் தொல்லை வேறு. மாதவிடாய்க்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போதே மார்பு கனக்கும், வயிறு உப்பும், தூக்கம் கெடும், தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் எல்லாம் விட்டுவிடும். இதைத்தான் பிஎம்எஸ் என்கிறார்கள். பலருக்கும் சமாளிக்கிற அளவில் வந்து போகும்.

நூறு பெண்களில் சுமார் 2 முதல் 6 பேருக்கு அப்படிப் போவதில்லை. காரணமில்லாத அழுகை, நெருங்கியவர்களோடு சண்டை, ‘எதற்கு இருக்கிறோம்’ என்கிற எண்ணம், வகுப்புக்கே போக முடியாத சோர்வு. இதற்குப் பெயர் பிஎம்டிடி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது.

ஹார்மோன் பரிசோதனை செய்தால் இவர்களுக்கு அளவு சரியாகவே இருக்கும். “ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அது தவறு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான பிஎம்எஸ் உள்ள பெண்களுக்குச் சினைப்பையின் வேலையை மருந்தால் நிறுத்தினார்கள். பலருக்குத் தொல்லை குறைந்தது. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்ததும் மறுபடி வந்தது. தொல்லையில்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆக, குறை ஹார்மோனின் அளவில் இல்லை. அதன் ஏற்ற இறக்கத்தை மூளை தாங்குகிற விதத்தில் இருக்கிறது.

பிஎம்டிடியை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒரு நோட்டு போதும். தினமும் படுக்கும் முன் தேதி போட்டு, எரிச்சல், அழுகை, தூக்கம், பதற்றம், உடல்வலி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மாதவிடாய் வந்த நாட்களை வட்டமிட்டு வையுங்கள். நன்றாக இருக்கும் நாட்களிலும் எழுத வேண்டும். நினைவை நம்பினால் கெட்ட நாட்கள் மட்டுமே மனதில் நிற்கும். இரண்டு மாதம் எழுதினால், மூன்றும் இரண்டுமாக ஏறிய எண்கள் வட்டமிட்ட தேதிக்குப் பிறகு சுழியத்துக்கு இறங்குகின்றனவா என்று தெரிந்துவிடும். மாதம் முழுக்க எண்கள் மேலேயே இருந்தால் அது பிஎம்டிடி இல்லை. மனச்சோர்வோ பதற்றமோ முன்பே இருந்து, அந்த வாரத்தில் கூடுகிறதாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

அந்த நோட்டோடு மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ போகலாம். லேசான தொல்லைக்கு உடற்பயிற்சியும் சீரான தூக்கமும் உதவும். கடுமையானதற்கு மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளையே தருகிறார்கள். மனச்சோர்வுக்கு அவை வேலை செய்ய வாரக்கணக்காகும். இங்கே சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. அதனால் சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டால் போதும். எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தோழியின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

உயிரை விட்டுவிடத் தோன்றினால் இரண்டு மாதம் நோட்டு எழுதக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.