இரண்டு பெட்டி, 27 மாதம்!

வெளியூரில் ஒரு கல்யாணம்; இரண்டே நாள் பிரயாணம். அதற்கே நம் வீடுகளில் என்ன அமர்க்களம்! சோப்புப் பெட்டி எங்கே, தலைவலித் தைலம் எங்கே என்று வீடே இரண்டுபடுகிறது. கண்ணால் பார்த்திராத தேசத்துக்கு, 27 மாதம் தங்கித் தொண்டு செய்யப் புறப்படுவதென்றால்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் அப்படிப் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 1961 மார்ச் 1-ந் தேதி ஜனாதிபதி கென்னடி 'பீஸ் கோர்' என்ற சமாதானப் படையை நிறுவினார். துப்பாக்கி ஏந்தாத படை இது. பாடம் சொல்லித் தருவது, சுகாதாரம், விவசாயம் போன்றவைதான் இதன் வேலை. முதல் கோஷ்டி அந்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஆப்பிரிக்காவின் கானாவில் போய் இறங்கியது. அது முதல் 2,40,000 பேருக்கு மேல் போய்ப் பணியாற்றியிருக்கிறார்கள்.

"தொண்டு செய்ய வருகிறேன்" என்றதும் விமானச் சீட்டு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்! முதலில் கைரேகை கொடுக்க வேண்டும். பழைய வழக்கு வியாஜ்யம் ஏதும் உண்டா என்று துருவிப் பார்ப்பார்கள். பிறகு டாக்டர். ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் முடிந்த பிறகு பல் டாக்டர். சொத்தைப் பல்லை ஊரிலேயே சரி செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். குக்கிராமத்தில் நடு ராத்திரி பல்வலி வந்தால் யாரைத் தேடுவது?

அடுத்தது மூட்டை முடிச்சு. இரண்டு பெட்டிகள்; இரண்டும் சேர்ந்து 100 ராத்தல், அதாவது சுமார் 45 கிலோ. இரண்டு வருஷத்துக்கும் மேலான வாழ்க்கை அதற்குள் அடங்க வேண்டும். துணிமணியை அங்கேயும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மூக்குக் கண்ணாடி உடைந்தால்? ஆகவே கண்ணாடி இரண்டு ஜோடி. காலுக்குச் சரியான செருப்பு. அம்மா, அப்பா, தங்கை இருக்கும் போட்டோ. அந்த ஊர்ப் பாட்டிமார்கள் முதலில் கேட்கப் போவது, "உனக்கு யார் யார் இருக்கிறார்கள்?" என்பதுதானே!

பெட்டியில் அடங்காத பாரம் ஒன்று உண்டு. வீட்டில் வயதான தாயார். 'நான் திரும்பி வரும்போது இருப்பாளா?' என்று மனம் கேட்கிறது. நெருங்கிய குடும்பத்தில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால், சில நாள் விடுப்புக் கொடுத்து, அரசாங்கச் செலவிலேயே ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆனால் விமானம் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு எந்த அரசாங்கம் உத்தரவாதம் தரும்? அதனால் புறப்படுமுன் தாயும் பிள்ளையும் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசிவிடுவது, எந்தத் தடுப்பூசியையும்விட அவசியம்.

போய் இறங்கிய உடனே தொண்டராகி விடுவதும் இல்லை. சுமார் மூன்று மாதம் பயிற்சி. பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் பாஷையைக் குழந்தை போல் பழக வேண்டும். அதன் பிறகே உறுதிமொழி. சம்பளம் கிடையாது, ஊராரைப் போல் வாழ்வதற்கு ஒரு படி உண்டு. முடியவில்லையென்றால் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம்; யாரும் பிடித்து வைப்பதில்லை.

இதெல்லாம் வாலிபர்கள் சமாசாரம் என்கிறீர்களா? நான்கு குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய விதவை லில்லியன் கார்ட்டர், 1966-ல், 68 வயதில் இந்தப் படையில் சேர்ந்தார். நர்ஸான அவர் வந்து சேர்ந்தது நம் தேசத்துக்குத்தான்! பம்பாயை அடுத்த விக்ரோலியில் ஏழை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் 1977-ல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ நாளைக்கு இப்படி ஒரு விண்ணப்பத்தை நீட்டினால், உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். பல் டாக்டரிடம் போனாயா என்று முதலில் கேளுங்கள். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, நிதானமாகப் பேசுங்கள்.