பிலாட்டிஸ் பயிற்சியில் உடலின் சீரமைவு

ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப் போரின்போது மான் தீவு முகாமில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் செப்பனிட்டு, பின்னர் நியூயார்க்கில் கற்பித்த உடற்பயிற்சி முறைக்குக் ‘கன்ட்ராலஜி’, அதாவது உடலை மனத்தின் கட்டுப்பாட்டில் இயக்கும் கலை, என்று பெயரிட்டார். ஓர் அசைவை எத்தனை முறை செய்தோம் என்பதைவிட, அப்போது தலையும் விலாக்கூடும் இடுப்பும் ஒன்றுக்கொன்று எவ்வாறு அமைந்துள்ளன என்பதே இம்முறையில் முதன்மை பெறுகிறது.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பின் முன்புறம் இருபக்கமும் துருத்தும் எலும்பு முனைகளும் அடிவயிற்றின் கீழுள்ள எலும்பும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு வைத்தால், கீழ்முதுகுக்கும் விரிப்புக்கும் இடையே சிறு இடைவெளி எஞ்சும். முதுகெலும்பின் இயல்பான வளைவு காக்கப்படும் இந்நிலையே ‘நடுநிலை’ எனப்படுகிறது.

‘ஹண்ட்ரட்’ என்னும் பயிற்சியில் தலையையும் கால்களையும் உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, நூறு வரை கைகளை மேலும் கீழும் அசைக்கையில், வயிற்றுத் தசைகளின் வலுவை மீறிக் கால்கள் தாழ்ந்தால், தொடையை மடக்கும் தசைகள் இடுப்பை முன்னோக்கிச் சாய்த்துக் கீழ்முதுகை வளைத்துவிடுவதால், வயிற்றின் வேலை முதுகின் தலையில் விழுகிறது. அந்நிலையில் முழங்கால்களை மடக்கிக்கொள்வது குறையன்று. வீம்புக்கு நீட்டி வைத்திருப்பதுதான் வீண்.

எனினும் நடுநிலையை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. முதுகு விரிப்பில் முழுமையாகப் படிய வேண்டும் என்பதே பிலாட்டிஸின் அறிவுரையாக இருந்தது. இயன்முறை மருத்துவத்தின் செல்வாக்கால் நடுநிலையைப் பரவலாக்கியவர்கள் பிற்கால ஆசிரியர்களே.